‘கோட்பாடே’: ‘தியரி’ என்னும் சொல்லின் பொதுவழக்கும் அறிவியல் வழக்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த காப் மாவட்டப் பள்ளி வாரியம் 2002-ஆம் ஆண்டில் தன் உயிரியல் பாடநூல்களில் ஒரு சிறு சீட்டை ஒட்டச் செய்தது. ஆங்கிலத்தில் 33 சொற்களே கொண்ட அச்சீட்டு மூன்று செய்திகளைக் கூறிற்று. நூலில் பரிணாமம் பற்றிய பகுதிகள் உள்ளன என்பது முதலாவது. உயிரினங்களின் தோற்றத்தைப் பொறுத்தவரை பரிணாமம் ‘தியரி’யே அன்றி ‘ஃபேக்ட்’ அன்று என்பது இரண்டாவது. அப்பகுதிகளை முன்முடிவின்றி அணுகிக் கருத்தூன்றிப் பயின்று ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. முதற்செய்தியில் பூசல் ஏதும் இல்லை. மூன்றாவது எல்லாப் பாடத்திற்கும் பொருந்தும் அறிவுரை. வழக்குமன்றம் வரை சென்றது இரண்டாம் தொடரே. அத்தொடரின் சிக்கலும் பெரும்பாலும் ஒரே சொல்லில் தங்கியிருந்தது.

ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘தியரி’ என்பது ஊகம். அண்டை வீட்டுக்காரர் ஊர் மாறிச் சென்றது ஏன் என்று ஒருவர் கூறும் காரணமும் ‘தியரி’ எனப்படும். அறிவியல் வழக்கில் அது, பற்பல நோக்கீடுகளை ஒருங்கே விளக்கி, மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு நிலைபெற்ற விளக்க அமைப்பைக் குறிக்கும். மெய்ம்மைகள், விதிகள், சோதிக்கப்பட்ட கருதுகோள்கள் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கியது தியரி என்ற வகையில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1999-இல் விளக்கம் தந்தது. ஒரு சொல் இரு பொருள் பெறுதல் எம்மொழியிலும் உள்ளதே. சூழல் பெரும்பாலும் பொருளைத் தெளிவாக்கிவிடும். இச்சொல்லில் மட்டும் சூழல் கைகொடாமற் போனது ஏன் என்பதே ஆராயத்தக்கது. மக்களின் அறியாமை எனக் கூறி அமைதல் எளிது. ஆயின் வரலாறு அவ்விடையை முழுதும் ஏற்கவில்லை. அறிவியற் கூற்றைக் ‘கணக்கிற்கு உதவும் கருத்தளவே’ என்று தாழ்த்திக் கூறும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தோர் கற்றறிந்தோரே ஆவர். பிற்காலத்தில் அவ்வழக்கத்திற்குச் சட்டத்துறையில் ஒரு வேலையும் வாய்த்தது.

கருதுகோள் என்னும் அடைக்கலம்

‘தியரி’யின் மூலம் ‘காண்டல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். வேற்றூர் விழாவைக் கண்டுவர நகரத்தார் அனுப்பும் தூதனை அம்மொழியில் ‘தியோரொஸ்’ என்பர். கண்ணாற் காண்டல் பின்னர் அறிவாற் காண்டலாக விரிந்தது. வடமொழியில் மெய்யியற் பள்ளிகளைக் குறிக்கும் ‘தரிசனம்’ என்னும் சொல்லும் காண்டற்பொருளில் பிறந்ததே. தமிழிலோ ‘காட்சி’ என்பது அளவை நூலாரால் நேரறிவுக்கு உரியதாக்கப்பட்டுவிட்டமையின், அச்சொல் தியரிக்குப் பயன்படும் வாய்ப்பு இல்லாது போயிற்று.

கணக்கிற்கு உதவுவது வேறு, மெய் வேறு என்னும் பிரிவினை ஐரோப்பிய வானியலில் பழையது. அதன் புகழ்பெற்ற சான்று 1543-இல் நியூரம்பெர்க் நகரில் அச்சான கோப்பர்னிக்கசின் நூலில் உள்ளது. நூலின் முகப்பில் கையொப்பமில்லாத ஒரு முன்னுரை காணப்படுகிறது. அதில் இடம்பெறும் கருதுகோள்கள் மெய்யாயிருக்க வேண்டுவதில்லை, மெய்போலத் தோன்றவும் வேண்டுவதில்லை, கணக்கு நோக்கீட்டோடு ஒத்தால் போதும் என்பது அதன் சாரம். அதனை எழுதியவர் கோப்பர்னிக்கசு அல்லர்; அச்சுப்பணியை மேற்பார்த்த லூத்தரன் சமயப் போதகர் ஆந்திரேயாசு ஒசியாண்டர். நூலாசிரியர் அவ்வாண்டே இறந்தார். முன்னுரையும் அவருடையதே எனப் பலர் எண்ணியிருந்தனர். 1609-இல் கெப்ளர் தம் நூலில் உண்மையை வெளிப்படுத்தினார். சூரியன் நடுவில் நிற்பதும் புவி சுழல்வதும் உண்மையாகவே நிகழ்வன என்று கருதிய ஒருவரின் நூல், ‘இது கருதுகோளே’ என்னும் முகவுரையோடு உலகிற்கு வந்தது.

ஒசியாண்டரின் நோக்கம் நூலை இகழ்வதன்று, காப்பதே எனலாம். கர்தினால் பெல்லார்மினும் 1615 ஏப்ரலில் பொஸ்காரினி என்னும் துறவிக்கு எழுதிய மடலில் இவ்வழியையே காட்டினார். புவியின் இயக்கத்தை முடிந்த முடிபாகக் கூறாது, கொண்டு கூறும் நிலையில் நிறுத்திக்கொள்வது தக்கது என்பது அவர் அறிவுரை. மறு ஆண்டு கோப்பர்னிக்கசின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. 1620-இல் வெளியான திருத்தங்களின் தன்மை மொழியியலார் கருதத்தக்கது. நூல் முழுதும் நீக்கப்படவில்லை. உறுதிப் பொருளில் அமைந்த இடங்கள் கருதுகோள் நடைக்கு மாற்றப்பட்டன. அதாவது தணிக்கை, வினைமுற்றுகளின் மீது நடந்தது. (தமிழில் ‘கோள்’ என்பது வானில் இயங்குவதற்கும் ‘கருதுகோள்’ என்பதன் பின்னுறுப்பிற்கும் ஒரே வடிவாய் அமைந்துள்ளது. பற்றுதற்பொருளில் பிறந்த வடசொல் ‘கிரகம்’ போலவே, இரண்டும் ‘கொள்’ அடியாகப் பிறந்தவை. கோப்பர்னிக்கசு பூசல் கோள்களைப் பற்றிய கருதுகோள் பூசல் என்பது தமிழில் மட்டும் நேரும் நயம்.)

விதியும் கொள்கையும்

நியூட்டன் 1713-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த பகுதியில், நிகழ்வுகளிலிருந்து பெறப்படாத கருதுகோள்களைத் தாம் புனைவதில்லை என்று எழுதினார். இதனால் கருதுகோளின் மதிப்பு தாழ்ந்தது. ‘விதி’யின் மதிப்பு உயர்ந்தது. கருதுகோள் முதற்படி, தியரி இடைப்படி, விதி உச்சிப்படி என்னும் ஏணி உருவகம் இன்றும் பள்ளிக்கூடங்களில் வழங்குகிறது. இது பிழை. பாயில் 17-ஆம் நூற்றாண்டில் கண்ட விதி, வெப்பநிலை மாறாதபோது வளிமத்தின் அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் அமையும் என்கிறது. அஃது அவ்வாறு அமைவது ஏன் என அவ்விதி கூறாது. 19-ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் முதலியோர் வளர்த்த இயக்கவியற் கொள்கையே, மூலக்கூறுகள் கலத்தின் சுவரில் மோதுவதைக் கொண்டு அதனை விளக்கிற்று. கொள்கை முதிர்ந்து விதியாவதில்லை. விதி ஓர் ஒழுங்கைக் கூறும். கொள்கை அவ்வொழுங்கின் காரணத்தைக் கூறும். மேலும் பாயில் விதி உயர் அழுத்தத்தில் பிறழும்; எவ்வளவு பிறழும் என்பதற்கும் கொள்கையே வழிகாட்டும். ஏணி உருவகத்தை நம்பிய மாணவன் ‘பரிணாமம் இன்னும் விதியாகவில்லையே’ என்று கேட்பது அவன் பிழையன்று.

1859-இல் வெளியான தம் நூலில் டார்வின் ‘என் தியரி’ என்னும் தொடரைத் தயக்கமின்றி ஆள்கிறார். ஆறாம் இயலுக்குத் தியரியின் இடர்ப்பாடுகள் என்ற பொருளிலேயே தலைப்பும் இட்டார். தம் விளக்கத்திற்கு எதிராக எழக்கூடிய தடைகளைத் தாமே தொகுத்துக் கூறி விடை காண முயலும் இயல் அது. தமிழ் மரபில் இது புதிதன்று. நன்னூல் பாயிரம் கூறும் எழுவகை மதங்களில் பிறர் கொள்கையை மறுத்தலும், தன் கொள்கையை நாட்டி நிறுவுதலும் இடம்பெறுகின்றன. ‘மதம்’ என்பது அங்கே ஆராய்ந்து மேற்கொண்ட கருத்து, சமயம் அன்று. பின்னாளில் அச்சொல் சமயத்தைக் குறிக்கலாயிற்று. நூல்வழக்கில் ஒரு பொருளும் மக்கள் வழக்கில் மற்றொரு பொருளும் கொண்ட சொல்லால் நேரும் இடர் தமிழரும் அறிந்ததே.

தடையிலிருந்து அடைமொழிக்கு

டார்வினியத்தின் மீதான அமெரிக்க எதிர்ப்பில் சொற்பொருள் பற்றிய வாதம் 1922-இலேயே தெளிவாக வெளிப்பட்டது. மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அவ்வாண்டு நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ‘ஹைப்பாதிசிஸ்’ என்பது காதிற்கு இனிய பெருஞ்சொல்லாயினும், பழைய ‘ஊகம்’ என்னும் சொல்லுக்கு அறிவியலார் சூட்டிய மறுபெயரே என்பது அவர் வாதம். எனினும் அக்காலத்து எதிர்ப்பு இவ்வாதத்தை நம்பியிருக்கவில்லை. 1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் இயற்றிய பட்லர் சட்டம், விவிலியம் கூறும் மனிதப் படைப்பை மறுக்கும் எந்தத் தியரியையும் அரசுப் பள்ளிகளில் கற்பிக்கலாகாது எனத் தடுத்தது. அவ்வாண்டு ஜூலையில் டேட்டன் நகரில் நடந்த புகழ்பெற்ற வழக்கில் ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. இச்சட்டத்தில் ‘தியரி’ என்பது இகழ்ச்சிச் சொல் அன்று. ஊகம் என்று கருதிய ஒன்றைத் தடுக்க எவரும் சட்டம் இயற்றார். வலிமை உடையது என அஞ்சியதாலேயே தடுத்தனர்.

1968-இல் எப்பர்சன் வழக்கில், பரிணாமத்தைக் கற்பிப்பதைத் தடுத்த ஆர்க்கன்சா மாநிலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுக்கும் வழி அடைபட்டது. அதன் பின்னரே ‘தியரி’ என்னும் சொல் சட்டத்தின் வேலையைத் தான் ஏற்றது. 1974-இல் டெக்சாஸ் கல்வி வாரியம், பாடநூல்களில் பரிணாமம் தியரி அளவினதே எனக் குறிக்கப்படவேண்டும் என்று விதி செய்தது. அது 1984-இல் நீக்கப்பட்டது. 1980 ஆகஸ்டில் டல்லாஸ் நகரில், குடியரசுத் தலைவர் வேட்பாளராயிருந்த ரீகன், பரிணாமம் ஓர் அறிவியல் தியரி மட்டுமே என்ற பொருள்படக் கூறினார். தடைச்சட்டம் செய்ய இயலாததை ‘மட்டும்’ என்னும் அடைமொழி செய்யத் தொடங்கிற்று.

1981-இல் ஆர்க்கன்சா ‘சமநிலைக் கற்பித்தல்’ சட்டம் இயற்றியது. படைப்பு அறிவியல் எனப் பெயரிடப்பட்டதற்கும் பரிணாமத்திற்கும் பள்ளியில் ஒத்த இடம் தரவேண்டும் என்றது அச்சட்டம். இரண்டும் தியரிகளே எனின் ஒன்றற்கு மட்டும் இடமளிப்பது நடுவுநிலை ஆகாது என்பது இவ்வகைச் சட்டங்களின் அடிப்படை வாதம். 1982 ஜனவரி 5 அன்று நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் அச்சட்டத்தைத் தள்ளினார். அறிவியலுக்கு அவர் வகுத்த ஐந்து இயல்புகளுள் ஒன்று, அதன் முடிபுகள் இறுதியானவை ஆகா என்பது. இதனைத் தமிழில் ‘தற்காலிகமானவை’ என்று பெயர்த்தால் தற்காலிகப் பணியாளர் நினைவே எழும். ‘திருத்தத்திற்கு இடந்தருபவை’ என்பதே பொருந்தும். எவ்வியல்பை அறிவியலின் அடையாளமாக நீதிபதி கொண்டாரோ, அதையே ‘தியரி மட்டும்’ என்போர் அறிவியலின் குறையாகக் காட்டினர் என்பது இப்பூசலின் உள்முடிச்சு. ஓவர்ட்டனின் ஐந்து இயல்புகளை மெய்யியலாருள் லாரி லாடன் போன்றோர் கடுமையாக மறுத்ததும் உண்டு. தீர்ப்பு சரி, காரணம் போதாது என்பது அவர்தம் கருத்து. இன்றும் அது புறக்கணிக்கத்தக்கதன்று.

லூசியானா மாநிலத்தின் ஒத்த சட்டம் 1987 ஜூனில் உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்தது. அவ்வழக்கில் நோபல் பரிசு பெற்ற 72 அறிவியலார் தாக்கல் செய்த மனு, மெய்ம்மை, கருதுகோள், தியரி ஆகிய சொற்களின் பொருளை நீதிமன்றத்திற்கு எடுத்துரைப்பதில் பெரிதும் கருத்துச் செலுத்தியது. 1995-இல் அலபாமா மாநிலம், உயிர் முதலில் தோன்றியபோது அங்கே எவரும் இருந்ததில்லை. ஆகவே அதுபற்றிய எக்கூற்றும் தியரியே, மெய்ம்மை அன்று என்னும் கருத்தைப் பாடநூலில் சேர்த்தது. நிலநூலும் வானியலும் குற்றவியல் ஆய்வும் எவரும் காணாதவற்றையே பெரிதும் ஆராய்கின்றன. அவற்றின் பாடநூல்களுக்கு இக்குறிப்பு தேவைப்படவில்லை.

காப் மாவட்டச் சீட்டிற்கு வருவோம். பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2005 ஜனவரியில் நீதிபதி கிளாரன்ஸ் கூப்பர் அதனை அரசியலமைப்புக்கு முரணானது என்றார். வாரியத்தின் நோக்கத்தை அவர் குறை கூறவில்லை. சீட்டின் விளைவையே எடுத்துக்கொண்டார். ‘தியரி’யின் பேச்சுவழக்குப் பொருளைச் சீட்டு எழுப்பிவிடுகிறது, அதுவும் பரிணாமத்தை மட்டும் தனித்து எடுத்து அவ்வாறு செய்கிறது என அவர் கண்டார். அதே நூலில் 1838–39 ஆண்டுகளில் ஷ்லெய்டனும் ஷ்வானும் வகுத்த செல் கொள்கையும் இருந்திருக்கும். அதற்குச் சீட்டு இல்லை. பின்னர் மேல்முறையீட்டு மன்றம் 2006 மே மாதத்தில் சான்றுகள் போதா எனத் தீர்ப்பை நீக்கி வழக்கைத் திருப்பி அனுப்பிற்று. இரு தரப்பாரும் அவ்வாண்டு டிசம்பரில் உடன்பாடு கண்டனர். சீட்டு மீண்டும் ஒட்டப்படவில்லை. ஒரு சொல்லின் இரு பொருள்களுள் மாணவன் எதனைக் கொள்வான் என்பது நீதிமன்றத்தின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று என்ற வகையில், இத்தீர்ப்பு பொருண்மையியல் பயில்வோர் படிக்கவேண்டிய ஒன்று.

தமிழில் பெயர்க்கும்போது

தமிழில் தியரிக்குக் ‘கொள்கை’, ‘கோட்பாடு’ என இரு சொற்கள் வழங்குகின்றன. டால்டனின் அணுக்கொள்கை, செல் கொள்கை என்பன பாடநூல் மரபு. சார்பியல் கோட்பாடு, இலக்கியக் கோட்பாடு என்பன பிற்பட்ட பெருவழக்கு. ‘கொள்கை’ கொள் என்னும் வினையடியோடு கை விகுதி சேர்ந்தது. கோள், பாடு என்பவற்றின் புணர்ச்சி ‘கோட்பாடு’. ‘கருதுகோள்’ வினைத்தொகை. மூன்றும் ஒரே வேரின. மூன்றிலும் ஊகம் என்னும் பொருள் இல்லை. ‘மேற்கொள்ளப்பட்டது’ என்பதே உள்ளது. எனவே ஆங்கிலத்தில் நேர்ந்த பிழைபாடு தமிழில் அவ்வாறே நேராது. வேறொன்று நேரும். கட்சிக் கொள்கை, மதுவிலக்குக் கொள்கை, அயலுறவுக் கொள்கை என வழங்கும் மொழியில் ‘டார்வின் கொள்கை’ என்பது ஒருவர் விரும்பி ஏற்ற நிலைப்பாடு போல ஒலிக்கும். ஆங்கிலச் சொல் அறிவியலை ஊகமாக்கிற்று என்றால், தமிழ்ச் சொல் அதனைக் கட்சியாக்கக்கூடும். ‘அவரவர் கொள்கை அவரவர்க்கு’ என்ற பெருந்தன்மை வளிமங்களின் இயக்கவியற் கொள்கைக்குச் செல்லாது.

‘வெறும் கோட்பாடு’ என்னும் தொடரும் ஆங்கிலத் தொடருக்கு ஈடாகாது. தமிழில் அது நடைமுறைக்கு உதவாதது என்னும் பொருள் தரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியின் பக்கம் சாயும். கல்லூரி மாணவர் பேச்சில் ‘தியரி’ என்பது ‘பிராக்டிகல்’ என்பதன் மறுதலை. எழுத்துத் தேர்வு என்றே பொருள்.

இந்தியில் நிலை மேலும் மாறுபடும். அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961-இல் அமைக்கப்பட்டது. தியரிக்கும் ‘பிரின்சிபிள்’ என்பதற்கும் இந்தியில் ‘சித்தாந்த்’ என்பதே ஆளப்படுகிறது. நிறுவப்பட்ட முடிபு என்பது அதன் சொற்பொருள். ஆயினும் நியாய சூத்திரம் சித்தாந்தத்தை நான்காக வகுத்து, எல்லாரும் ஏற்பதையும் ஒரு பள்ளியினர் மட்டும் ஏற்பதையும் வாதத்திற்காகக் கொள்வதையும் வேறுபடுத்தியது. அந்நுட்பம் இன்றைய கலைச்சொல்லில் இல்லை. 2018 ஜனவரியில் நடுவண் இணையமைச்சர் ஒருவர் டார்வின் கொள்கை அறிவியல் முறையில் தவறானது என்றும், குரங்கு மனிதனாவதை எவரும் கண்டதாகக் கூறவில்லை என்றும் பேசினார். மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக மறுத்தன. அவர் கொண்டது அலபாமாவின் ‘எவரும் காணவில்லை’ என்னும் வாதம். அமெரிக்காவில் அதனோடு இணைந்து வரும் ‘தியரியே’ என்னும் வாதம் அதிற் சிறப்பிடம் பெறவில்லை. ‘சித்தாந்த்’ போன்ற சொல் வழங்கும் மொழியில் அவ்வாதத்திற்குப் பிடிமானம் குறைவு எனக் கருத இடமுண்டு.

காப் சீட்டின் இரண்டாம் தொடரைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, ‘பரிணாமம் ஒரு கோட்பாடே’ என்னும்போது வரும் ஏகாரம். தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் ஐந்து பொருள்களுள் பிரிநிலையும் தேற்றமும் உள்ளன. பிரிநிலையாகக் கொண்டால் ‘கோட்பாடு அன்றி வேறில்லை’ என இகழ்ச்சி தோன்றும். தேற்றமாகக் கொண்டால் ‘ஐயமின்றிக் கோட்பாடுதான்’ எனச் சிறப்புத் தோன்றும். பேச்சில் ‘தான்’ என்பதும் இவ்விரு பொருளையும் தாங்கும். குரல் ஏற்றஇறக்கமே வேறுபடுத்தும். அச்சிட்ட சீட்டிற்குக் குரல் இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லில் இருந்த இருபொருள் தமிழில் இடைச்சொல்லுக்கு இடம் மாறுகிறது.

இரண்டாவது ‘ஃபேக்ட்’. தமிழில் ‘உண்மை’ மெய்ம்மையையும் வாய்மையையும் ஒருசேரக் குறிப்பதால், ‘உண்மை அன்று’ எனின் ‘பொய்’ என்றே கேட்போர் கொள்வர். ஆங்கிலத் தொடர் அவ்வாறு வெளிப்படக் கூறுவதில்லை. கூறாமலே உணர்த்துவதில்தான் அதன் திறம் இருந்தது. ‘நிறுவப்பட்ட தரவு அன்று’ என்றால் சீட்டு தீங்கற்றதாகிவிடும். எல்லாத் தியரிகளுக்கும் அது பொருந்தும், ஏனெனில் தியரி தரவு அன்று, தரவுகளின் விளக்கம். மூலத்தின் பதுங்கலை ஒரு பெயர்ப்பு வெளிப்படுத்துகிறது. மற்றொன்று அறவே போக்கிவிடுகிறது. செய்தியிதழ்கள் ‘தியரி’, ‘ஃபேக்ட்’ என்றே தமிழெழுத்தில் எழுதி விளக்குவது இவ்விடத்தில் குறையாகாது. பூசல் அச்சொற்களைப் பற்றியதாகலின் அவை கண்ணுக்குத் தெரியவேண்டும். பாடநூலுக்கு இது பொருந்தாது; அங்கே ‘கொள்கை’யைவிடக் ‘கோட்பாடு’ கட்சிச் சாயல் குறைந்ததாகலின் ஏற்றது.

இதனினும் கடினமானது 2005 ஜனவரியில் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு வாசிக்கப்பட்ட அறிக்கை. உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தமையால் நிர்வாகத்தார் வந்து வாசித்தனர். அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் அதனை அரசியலமைப்புக்கு முரணானது என்றார். அவ்வறிக்கை டார்வின் தியரி மெய்ம்மை அன்று, அதில் இடைவெளிகள் உள்ளன எனக் கூறிவிட்டு, சில வரிகளில் தியரி என்பது நன்கு சோதிக்கப்பட்டுப் பரந்த நோக்கீடுகளை இணைக்கும் விளக்கம் என்று அறிவியல் வரையறையையும் தருகிறது. முதலிடத்தில் ‘ஊகம்’ என்றும் இரண்டாமிடத்தில் ‘கோட்பாடு’ என்றும் பெயர்த்தால் தமிழ் தெளிவாயிருக்கும். ஆனால் அது மூலத்தில் இல்லாத தெளிவு. இரண்டிடத்தும் ‘கோட்பாடு’ என்றே இட்டால் படிப்போர் திகைப்பர். பெயர்ப்பாளர் இரண்டாவதையே தேர வேண்டும். டோவர் வகுப்பறையில் அமர்ந்திருந்தவர்கள் கேட்டதும் இரண்டிடத்தும் ஒரே சொல்லைத்தான்.